தேயிலைப் பெட்டியில் ஒரு வேவ்கைட்: கோஎக்ஸ் இணைப்பைச் செய்து டியூன் பண்ண முதன்முறையாக இறங்குபவர்களுக்கு

வி.என்.ஏ. என்பது நாம் அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறதென்று அளக்கும் கருவி, எண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறைவாகத் திரும்புகிறது. அதன் திரையில் மைனஸ் 35 டெசிபலைப் பார்த்த இரவு, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவருக்கு அது பள்ளத்தில் விழுந்த ஒரு கோடு, எனக்கு மூன்று மாத உழைப்பு. மறுநாள் அதே பெட்டியின் வாயில், அலையை வெளியே விடும் புனல் மாதிரியான அன்டெனாவான ஹோர்னைப் பொருத்தினேன். மைனஸ் 8. நான் டியூன் பண்ணியது இணைப்பை அல்ல. திறந்துகிடந்த பெட்டி வாயையும் அதற்கு எதிரே இருந்த எங்கள் வீட்டுச் சுவரையும்தான் மூன்று மாதமாக டியூன் பண்ணியிருக்கிறேன்.

அந்த மூன்று மாதம் உங்களுக்குப் போகாமலிருக்கவே இதை எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கிருந்தாலும் கையில் கிடைக்கும் சாமானை வைத்தே இதைச் செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம்.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீவி அன்டெனா வயர் மாதிரியான கோஎக்ஸ் கேபிளில் வரும் மைக்ரோவேவை, உள்ளே வெறுமையாக இருக்கும் ஓர் உலோகக் குழாய்க்குள் இறக்கவேண்டும். அந்தக் குழாய்தான் வேவ்கைட், கேபிளிலிருந்து அலை அதற்குள் மாறும் இடம்தான் இணைப்பு. குழாயின் அகலப் பக்கத்து நடுவில் ஒரு துளை, அதில் ஒரு கனெக்டர். கனெக்டரின் நடுக்கம்பி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் புரோப். புரோப்புக்குப் பின்னால் குழாய் அடைத்திருக்கும். அந்தத் தடுப்பைப் புத்தகங்களில் பேக்‌ஷோர்ட் என்பார்கள், நான் பின்சுவர் என்றே எழுதுகிறேன். புரோப்பின் நீளம், பின்சுவரின் தூரம் என்ற இரண்டு அளவுகளுக்குள்தான் முழுக் கூத்தும்.

1. முதலில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 10 பிறகு

ஆசை எல்லாருக்கும் 10 கிகாஹேர்ட்ஸில்தான். எனக்கும் அப்படித்தான். கியூ.ஓ. 100 என்ற அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்பொண்டர், அதாவது வரும் அலையை வாங்கி வேறு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் கருவி, 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல் 2 செய்மதியில் இருக்கிறது. 2.4 கிகாஹேர்ட்ஸில் மேலே அனுப்பி 10.49இல் கீழே கேட்கலாம். செய்மதி 25.9 பாகை கிழக்கில் நிற்பதால், நம் பக்கத்திலிருந்து ஏறக்குறைய நேர் மேற்கே, அடிவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில் இருக்கும். மேற்கே மலை மறைக்கும் பள்ளத்துத் தோட்ட லயத்தில் வீடென்றால் அந்த ஆசையை இப்போதே இடம் மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டு லயத்துக்காரர்களுக்கு யோகம்.

ஆனால் 10இல் தொடங்காதீர்கள். அங்கே அரை மில்லிமீற்றர் பிசகினால் எல்லாம் போய்விடும். 2.4இல் அதே அரை மில்லிமீற்றரைப் பெட்டி மன்னித்துவிடும். இன்னொரு காரணம் காசு. மலிவு வி.என்.ஏ.க்களில் நானோ வி.என்.ஏ. வி2 3 கிகாஹேர்ட்ஸ் வரையும், லைட் வி.என்.ஏ. 6.3 வரையும் போகும். 10ஐ அளக்கும் கருவி நம் வீட்டு மேசைக்கு வரும் விலையில் இல்லை. பழைய சிறிய நானோ வி.என்.ஏ. 1.5 வரைக்குமே. அதுவும் வி2உம் பெட்டியைப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், வாங்கும்போது ஏமாறாதீர்கள்.

2. காகிதம், காசு, காத்திருப்பு

கருவியை முதலில் ஓடர் பண்ணிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். எனக்கு அது கைக்கு வர ஆறு வாரமானது. அதில் இரண்டு வாரம் கொழும்பில் ஓர் அலுவலகத்து அலுமாரியில் தூங்கியது. பொதியின் மேல் "ஆர்.எஃப். அனலைசர்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து இது ஒலிபரப்புக் கருவியா என்று கேட்டார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. ஹட்டனிலிருந்து இரண்டு தடவை பஸ்ஸில் போய்வந்தேன்.

நீங்கள் ஓடர் பண்ணும் நாளிலேயே இவற்றை ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள்: பணம் கட்டிய பற்றுச்சீட்டு, விற்பனைப் பக்கத்தின் அச்சுப் பிரதி, இது அளவைக் கருவி என்பதையும் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லும் ஒரு பக்கக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி. கடிதம் ஆங்கிலத்தில் ஒன்று, முடிந்தால் சிங்களத்தில் ஒன்று. விலையைக் குறைத்துப் போடச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். பற்றுச்சீட்டும் பொதியும் வேறு வேறு தொகை சொன்னால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

அளவைக் கருவி வேறு, ஒலிபரப்பும் கருவி வேறு. அனுப்பும் கருவியை இறக்குமதி செய்யவும் இயக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதற்கான சட்டம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம். 10 கிகாஹேர்ட்ஸ் அசைவு உணரி மொடியூல்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று கொத்தாக வாங்கிவிடாதீர்கள், அவையும் அனுப்புபவையே. அமெச்சூர் அலைவரிசையில் பேச நினைத்தால் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையை எழுதி உரிமம் எடுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள டியூனிங் வேலைக்கு வி.என்.ஏ. விடும் மிகச் சிறிய சமிக்ஞை போதும், வேறெதையும் வானத்துக்கு அனுப்பவேண்டியதில்லை.

எனக்குப் போன காசு: வி.என்.ஏ. தபாலும் வரியும் சேர்த்து 45,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. நான்கு துளைத் தகடுள்ள எஸ்.எம்.ஏ. (கோஎக்ஸ் கேபிளை மாட்டும் சிறிய திருகு ரக) கனெக்டர் பத்து, 3,500. தேயிலைப் பெட்டி இரண்டு, 2,400. பித்தளைக் கம்பியும் ஈயமும் ஆயிரத்துக்குள். பஸ் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்தால் மனம் கஷ்டப்படும், விட்டுவிடுங்கள். கனெக்டரில் மிச்சம் பிடிக்கவேண்டாம், இரண்டு மூன்று கட்டாயம் பாழாகும்.

3. பெட்டியைத் தெரிவுசெய்து கணக்குப் போடுங்கள்

பொதி வரும் வரை பெட்டி வேலை. சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் நீள்சதுரத் தேயிலைத் தகரப்பெட்டிதான் என் தெரிவு. தகரத்தில் ஈயம் பிடிக்கும், கத்தரியால் வெட்டலாம். கடைக்கு அடிமட்டம் கொண்டுபோங்கள். உள் அகலம் 75இலிருந்து 110 மில்லிமீற்றருக்குள், உயரம் அகலத்தின் பாதியளவு. சதுரப் பெட்டி அழகாக இருக்கும், வாங்காதீர்கள். அதற்குள் அலை படுத்தும் போகும், நிமிர்ந்தும் போகும், உங்கள் அளவு எதைச் சொல்கிறதென்றே தெரியாது. பக்கம் ஒவ்வொன்றும் 61 மில்லிமீற்றரைத் தாண்டினாலே இந்தச் சிக்கல் வந்துவிடும்.

பால்மா டின்னிலும் செய்யலாம், பலர் செய்கிறார்கள். விட்டம் 72இலிருந்து 94 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். ஆனால் வட்ட டின் இந்த அதிர்வெண்ணில் அடைபடும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 83 மில்லிமீற்றர் டின்னை 82 என்று தவறாக அளந்தால் பின்சுவர்த் தூரம் 2 மில்லிமீற்றருக்கு மேல் மாறிவிடும். நீள்சதுரப் பெட்டியில் அதே தவறு அரை மில்லிமீற்றர்தான். பழகுவதற்கு நீள்சதுரமே நல்லது.

இனிக் கணக்கு, கல்குலேட்டர் போதும். என் பெட்டியின் உள் அளவு 85க்கு 45. அதை வைத்தே செய்துகாட்டுகிறேன்.

முதலில் வெட்டு அதிர்வெண். இதற்குக் கீழே குழாய்க்குள் அலை போகாது. 149.9ஐ அகல மில்லிமீற்றரால் வகுத்தால் கிகாஹேர்ட்ஸில் வரும். 85க்கு 1.763. அடுத்து, வெட்டு அதிர்வெண்ணை வேலை செய்யும் அதிர்வெண்ணால் வகுங்கள், 2.45க்கு 0.72. அதை வர்க்கித்து 1இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுங்கள், 0.694. வெளியில் 2.45இன் அலைநீளம் 122.4 மில்லிமீற்றர். அதை 0.694ஆல் வகுத்தால் 176. இதுதான் குழாய்க்குள் அலைநீளம். அதில் கால்பங்கு 44 மில்லிமீற்றர்.

இந்த இடத்தில்தான் அநேகர் விழுகிறார்கள். வெளி அலைநீளத்தின் கால்பங்கான 30.6ஐப் பின்சுவர்த் தூரமாக வைத்துவிடுவார்கள். பின்சுவருக்குக் குழாய்க்குள் அலைநீளம், புரோப்புக்கு வெளி அலைநீளம். சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இந்த 44உம் முடிவான அளவல்ல. கால் அலைநீளத்தைவிடக் குட்டையான புரோப் ஒரு கொண்டென்சர் மாதிரி நடக்கும். கால் அலைநீளத்தைவிடக் கிட்ட இருக்கும் பின்சுவர் ஒரு கொயில் மாதிரி நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்னும் இடம்தான் நமக்கு வேண்டியது. அதனால் சரியான இடம் பெரும்பாலும் கால் அலைநீளத்துக்குக் கொஞ்சம் உள்ளே விழும். என் பெட்டி கடைசியில் நின்றது பின்சுவர் 35, புரோப் 26 மில்லிமீற்றரில். உங்களுடையது வேறாக இருக்கும், இந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். கம்பியின் தடிப்பு மாறினாலே மாறும்.

4. சுமையைச் செய்யுங்கள், பிறகு அதைச் சந்தேகியுங்கள்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

இணைப்பைத் தனியாக அளக்க முடியாது. பெட்டியின் மறுமுனையில் ஏதோ ஒன்று இருந்தே தீரும், அது திருப்பி அனுப்பும் அலையும் உங்கள் அளவில் கலந்துவிடும். வாயைத் திறந்து விட்டாலும் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு சக்தி திரும்பி வரும். அதைவிட நல்ல எண் திரையில் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். வாயின் பிழையை இணைப்பின் பிழை சரிக்கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. என் மைனஸ் 35 அந்த வகைதான்.

ஆகவே அலையை விழுங்கும் ஒரு சுமை வேண்டும். இலத்திரனியல் சிப்புகளைக் குத்தி அனுப்பும் கறுப்பு ஃபோம் இருக்கிறதே, அது நல்ல பொருள். மல்டிமீற்றர் முனைகளை அதில் குத்தினால் சில கிலோ ஓம் காட்டவேண்டும். ஒன்றுமே காட்டாத ஃபோம் வெறும் மெத்தைதான். திருத்தும் கடைகளில் கேட்டால் சும்மா தருவார்கள். அதை ஒட்டிச் சேர்த்து ஆப்பு வடிவில் வெட்டுங்கள். கூரான முனை புரோப்பைப் பார்க்க, தடித்த முனை வாயை அடைக்க, நீளம் குறைந்தது ஒரு குழாய் அலைநீளம். என் கணக்கில் 18 சென்ரிமீற்றர். குட்டை ஆப்பு அலைக்கு ஆப்பல்ல, சுவர்.

ஈரப் பஞ்சை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது. தண்ணீர் அலையை விழுங்குவதற்கு முன்னால் முகத்திலேயே திருப்பிவிடுகிறது. பஞ்சு வேண்டாம்.

இந்த நீளத்துக்கு ஒரு பெட்டி காணாது. இரண்டு பெட்டிகளின் அடியையும் வெட்டி, முனையோடு முனை வைத்து உள்விளிம்பு படிய ஈயம் பிடித்துச் சேருங்கள். எனக்கு 30 சென்ரிமீற்றர் வந்தது. பெட்டியின் மடிப்புத் தையல் அகலப் பக்கத்து நடுக்கோட்டில் நீளவாக்கில் ஓடினால் கவலையில்லை, அங்கே குறுக்கே ஓடும் மின்னோட்டமில்லை. வேறெங்கே இருந்தாலும் முழு நீளத்துக்கும் ஈயம் பிடித்துவிடுங்கள்.

இனிச் சந்தேகிக்கும் வேலை. ஆப்பை உள்ளே வைத்து அளவெடுங்கள். ஆப்பைக் கால் குழாய் அலைநீளம், என் பெட்டியில் 44 மில்லிமீற்றர், வெளியே இழுத்து மறுபடி அளவெடுங்கள். கோடு அசையவில்லையென்றால் உங்கள் ஆப்பு தங்கம். அசைந்தாலும் பாதகமில்லை. ஸ்மித் சார்ட் திரைக்கு மாறி இரண்டு புள்ளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் அலையை ஒரு வட்டத்துக்குள் புள்ளியாகக் காட்டும் படம் அது, புள்ளி மையத்தில் நின்றால் ஒன்றும் திரும்பவில்லை என்று அர்த்தம். ஆப்பிலிருந்து திரும்பும் அலை அந்த 44இல் நேர் எதிராகப் புரண்டுவிடும். அதனால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுப்புள்ளிதான் இணைப்பின் சொந்த முகம். ஆப்பு சுமாராக இருந்தாலும் நடுப்புள்ளி ஏறக்குறைய உண்மை பேசும். டியூன் பண்ணும்போது அந்த நடுப்புள்ளியைச் சார்ட்டின் மையத்துக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை, கோட்டை ஆழமாக்குவதல்ல.

ஆப்பு நுனி புரோப்பில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போகவேண்டாம், 4 சென்ரிமீற்றராவது இடைவெளி இருக்கட்டும்.

5. கனெக்டர் பொருத்தும் வேலை

துளை, அகலப் பக்கத்தின் நடுக்கோட்டில். எஸ்.எம்.ஏ. கனெக்டரின் வெள்ளை டெஃப்லோன் 4.1 மில்லிமீற்றர் விட்டம், துளை அதற்குச் சரியாக. தகரம் மெல்லியது, துளைப்பான் அதைக் கிழிக்கும். உள்ளே ஒரு மரக்கட்டை வைத்து அடைத்துக்கொண்டு துளையுங்கள், பிசிறை அரத்தால் எடுங்கள்.

டெஃப்லோன் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் உட்சுவரோடு மட்டமாக வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் டியூனிங்கைத் தள்ளும், பிறகு காரணம் தேடி அலைவீர்கள்.

தகட்டின் கீழே பெட்டியின் பெயின்டைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். படம் போட்ட பெட்டியைச் சுரண்ட மனம் வராது, மலையும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அழகாகத்தான் இருப்பார்கள். சுரண்டுங்கள். இதைச் செய்யாததற்கு நான் கொடுத்த விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

புரோப்புக்கு, வெல்டிங் சாமான் விற்கும் கடையில் 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி கேளுங்கள். நடு ஊசியோடு நேராக ஈயம் பிடித்து நீட்டுங்கள். தடித்த கம்பி அகன்ற அலைவரிசை தரும், ஆனால் சிறிய ஊசியில் பாரம் தாங்காது. முதலில் 31 மில்லிமீற்றருக்கு வெட்டுங்கள். குறைக்கலாம், வளர்க்க ஏலாது.

பின்சுவரை இப்போதே ஒட்டிவிடாதீர்கள். மிச்சத் தகரத்தில் நாலு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் மடித்த தட்டு ஒன்று செய்து, பெட்டிக்குள் இறுக்கமாகச் சறுக்கும்படி வையுங்கள். பின்னால் பிடித்து இழுக்க ஒரு ஆணி. உட்சுவரில் பூச்சு இருந்தால் தட்டு சறுக்கும் தூரம் முழுவதும் அதை மணல்தாளால் தேய்த்து எடுங்கள். தட்டு சுவரைத் தொடுவது சந்தேகமாக இருந்தால் அளவு துள்ளும், அதிலேயே கண்டுபிடிக்கலாம்.

6. டியூன் பண்ணுதல்

வி.என்.ஏ.யைப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். நுவரெலியாப் பக்கத்து மார்கழி இரவில் குளிர்ந்துகிடந்த கருவியை உடனே கலிப்ரேட் பண்ணினால் (தெரிந்த துண்டுகளைக் காட்டி அளவைச் சரிப்படுத்தினால்), அது சூடாகச் சூடாக உங்கள் கலிப்ரேஷனும் நகர்ந்துகொண்டே போகும். அலைவரிசையை 2.3இலிருந்து 2.6 வரை ஒடுக்குங்கள். பிறகு, கேபிளின் நுனியில், திறந்தது (ஓப்பன்), மூடியது (ஷோர்ட்), 50 ஓம் (லோட்) என்ற மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கலிப்ரேட் பண்ணுங்கள். அதன்பின் கேபிளை வளைக்காதீர்கள். எஸ்.எம்.ஏ. நட்டை இரண்டு விரல் பலத்தில் சாவியால் இறுக்கினால் போதும், பைப் இறுக்குவதுபோல் இறுக்கினால் பித்தளை நூல் போய்விடும்.

இன்னொரு பொறி. கலிப்ரேஷன் முடிவது கேபிள் நுனியில். புரோப் இருப்பதோ கனெக்டருக்கு அப்பால். இடையிலுள்ள சென்ரிமீற்றர் சொச்ச டெஃப்லோன் வழி, ஸ்மித் சார்ட்டில் புள்ளியைக் கால் சுற்றுக்கு மேலேயே சுழற்றிவிடும். மேலே இருக்கவேண்டியது பக்கத்தில் தெரியும், நீங்கள் எதிர்த்திசையில் வெட்டுவீர்கள். இதற்காகத்தான் கூடுதல் கனெக்டர் வாங்கச் சொன்னேன். அதே ரகக் கனெக்டர் ஒன்றின் உள்முகத்தில் நடு ஊசியையும் தகட்டையும் செம்புத்தாளால் சேர்த்து ஈயம் பிடியுங்கள். அதைக் கேபிளில் மாட்டி, வி.என்.ஏ.யின் எலெக்ட்ரிக்கல் டிலே எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். புள்ளி சார்ட்டின் இடது ஓரத்துக்குப் போய் நிற்கும்போது விட்டுவிடுங்கள். இனிச் சார்ட் உண்மை பேசும்.

புரோப் 31, பின்சுவர் 44இல் தொடங்கி, 2.45இல் நடுப்புள்ளி எங்கே விழுகிறதென்று பாருங்கள். மையத்துக்கு வலப்பக்கம் விழுந்தால் எதிர்ப்பு அதிகம், புரோப்பைக் குறைக்கவேண்டும். கீழ்ப்பாதியில் விழுந்தால் கொண்டென்சர் குணம், பின்சுவரைப் புரோப்புக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். மேற்பாதியில் விழுந்தால் தள்ளுங்கள். புரோப்பை அரை மில்லிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பின்சுவரை மறுபடி தேடவேண்டும், ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஒரு கொப்பியில் நீளம், தூரம், இரண்டு புள்ளிகள் என்று எழுதிக்கொண்டே போங்கள். எனக்குச் சரியான சுமையோடு இந்த வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. சுமை இல்லாமல் போன மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது? மைனஸ் 20 என்றால் நூற்றில் ஒரு பங்குதான் திரும்புகிறது. அங்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள். மைனஸ் 30, 40 என்று துரத்துவது ஒரு நோய். உங்கள் ஆப்பும் கலிப்ரேஷன் துண்டுகளும் அந்த எண்ணுக்குச் சாட்சி சொல்ல முடியாதவை.

இடம் கிடைத்ததும் பின்சுவரைக் குறித்து ஈயம் பிடியுங்கள். சூட்டில் தட்டு நகரும், முதலில் நாலு மூலையிலும் பொட்டு வைத்து அளந்து பார்த்துவிட்டு முழுவதையும் ஓட்டுங்கள். ஓட்டிய பிறகு கொஞ்சம் தள்ளிப்போனால், புரோப்புக்கும் வாய்க்கும் இடையே அகலப் பக்கத்து நடுக்கோட்டில் ஓர் எம்3 பித்தளைத் திருகாணி போட்டுச் சரிக்கட்டலாம். லொக் நட் இறுக்கும்போது அளவு மறுபடி ஓடும், பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். நாலைந்து திருகாணி தேவைப்படுகிறதென்றால் திருகாணியை விட்டுவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

7. இனி 10 கிகாஹேர்ட்ஸ்

எதையும் வாங்குவதற்கு முன்னால், செத்துப்போன டிஷ் அன்டெனா ஒன்றின் எல்.என்.பி.யை, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கும் தலையை, திறந்து பாருங்கள். லயத்துக் கூரைகளில் இல்லாத இடமில்லை. முகத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் ஒரு வட்டக் குழாய், அதற்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டும் இரண்டு சின்னக் கம்பிகள். நிமிர்ந்த அலைக்கு ஒன்று, படுத்த அலைக்கு ஒன்று. அவையும் இதே புரோப்கள்தான், கோஎக்ஸுக்குப் பதில் சர்க்கிட் பலகைக்கு இறங்குகின்றன. கம்பி நீளத்தையும் பின்சுவரையும் கண்ணால் அளந்து பாருங்கள், என்ன நுணுக்கத்தில் வேலை செய்யவேண்டும் என்பது புரியும்.

குழாய்க்கு, அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் கடைக்குப் போங்கள். டபிள்யூ.ஆர். 90 என்ற நியமக் குழாயின் உள் அளவு 22.86க்கு 10.16 மில்லிமீற்றர், வெளியே ஓர் அங்குலத்துக்கு அரை அங்குலம். கடையில் ஒன்றுக்கு அரை அங்குலப் பெட்டிக்குழாய் இருந்தால் சுவர்த் தடிப்பைப் பாருங்கள், 1.2 மில்லிமீற்றருக்குப் பக்கத்தில் வேண்டும். "ஒரு அடியெல்லாம் வெட்டித் தர ஏலாது தம்பி, முழு லெந்து எடுக்கணும்" என்றார் கடைக்கார அண்ணன். "மிச்சத் துண்டு இருந்தா பார்த்து குடுங்கண்ணே" என்று கேட்டு நின்றேன். மூலையில் கிடந்த துண்டுகளில் நாலு சும்மா கிடைத்தது. காலையில் போகாதீர்கள், மாலை வெட்டு வேலை முடிந்த பிறகு போங்கள்.

வெட்டு அதிர்வெண் இங்கே 6.557. அமெச்சூர்காரர்கள் தரைவழியாகப் பேசும் 10.368இல் கால் குழாய் அலைநீளம் 9.3 மில்லிமீற்றர், செய்மதியின் 10.49க்கு 9.2. புரோப், கனெக்டரின் 1.27 மில்லிமீற்றர் ஊசியே போதும். நீட்டு ஊசி, நீட்டு டெஃப்லோன் உள்ள ரகம் வாங்குங்கள். 7 மில்லிமீற்றரில் தொடங்கி அரத்தால் இரண்டு தேய்ப்பு, அளவு, இரண்டு தேய்ப்பு, அளவு. அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது, பின்சுவரைக் கட்டியான அலுமினியத் துண்டாகச் செய்து திருகாணியால் இறுக்கவேண்டும்.

சமிக்ஞை எங்கே கூடுதலாக வருகிறதோ அங்கே டியூன் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். நம்பாதீர்கள். மைனஸ் 10இல் இருக்கும் மோசமான இணைப்பு இழப்பது 0.46 டெசிபல்தான், மைனஸ் 20இல் இருப்பது 0.04. இந்த வித்தியாசம் எந்த எல்.என்.பி.யின் தடுமாற்றத்துக்குள்ளும் காணாமல் போய்விடும். திரும்பி வருவதைத்தான் அளக்கவேண்டும். அதற்கு 10 வரை போகும் வி.என்.ஏ. உள்ள ஓர் ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள். பல்கலைக்கழகமோ வேலைத்தளமோ, நேரில் போய் நிற்காமல் முதலில் கடிதம் அனுப்புங்கள். என்ன அளக்கப்போகிறீர்கள், எத்தனை நிமிடம், எந்தக் கனெக்டர் என்று எழுதுங்கள். எனக்குப் பதில் வர மூன்று வாரமானது. போகும்போது சொந்த ஆப்பு, சின்ன அரம், சாவி, தேவையான அடப்டர், பென்டிரைவ் எல்லாம் கொண்டுபோங்கள். அங்கே இரவல் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடும். மூன்று குழாய்களை மூன்று நீளத்தில் செய்து கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

8. கூரைக்கு ஏற்றுவதற்கு முன்

நம் ஊர் மூடுபனி பூட்டிய குழாய்க்குள்ளும் புகுந்து இரவில் தண்ணீராக நிற்கும். வாயை மெல்லிய பொலித்தீனால் மூடுங்கள், தாழ்ந்த இடத்தில் அகலப் பக்கத்து நடுக்கோட்டில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று விடுங்கள், தண்ணீர் வழியட்டும். வினாகிரி மணக்கும் சிலிக்கனைப் பூசாதீர்கள், அதன் அமிலம் செம்பைத் தின்னும். மணக்காத ரகம் கேட்டு வாங்குங்கள். தகரத்துக்கு வெளியே பெயின்ட், உள்ளே வேண்டாம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி நம் பக்கம் பொல்லாதது. கூரை வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு முன் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. இதற்காகத்தான் பெட்டி மூடியை எறியவேண்டாம். ஆப்பை எடுத்துவிட்டு, மூடியின் உள்பூச்சையும் விளிம்பையும் சுரண்டி, வாயை இறுக மூடி அளவெடுங்கள். இப்போது போன அலை முழுவதும் திரும்பவேண்டும். ஓரிரு இடத்தில் கூரான சிறு பள்ளம் தெரியலாம், மற்றபடி கோடு பூச்சியத்தை ஒட்டி ஓடவேண்டும். என் முதல் பெட்டியில் கோடு முழுவதும் மைனஸ் 2இல் கிடந்தது. அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டிக்குள்ளேயே தொலைந்துகொண்டிருந்தது. கனெக்டர் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அடியில், சுரண்டாமல் விட்ட பச்சைப் பெயின்டில், கொழுந்துக் கூடையின் பாதி அப்படியே இருந்தது.